உபதேசியார் வீட்டுத் திண்ணை

"நம் ஆடுகளைத் திருடுகிறார்கள்" என்னும் குரல் அண்மைக் காலமாக நம் பங்குப் பேரவைக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் சாணார்பட்டியைக் கடப்போர், அக்குரல் யாரைச் சுட்டுகிறது என்பதை அறிவர். தகரக் கூரையோ சிமெண்ட் ஷீட்டோ வேய்ந்த ஒரு கூடம். முன்புறம் ஒரு பெயர்ப்பலகை. அதில் ஒரு திருவசனம். அதன் கீழே கணவன் பெயரும் மனைவி பெயரும் அருகருகே. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேராய்க் கூடியவர்கள்தாம் அவர்கள். இன்று ஞாயிறு காலையில் செருப்புகள் வாசலைத் தாண்டிச் சாலையோரம் வரை கிடக்கின்றன. அச்செருப்புகளுள் சில நம் வீட்டுச் செருப்புகள். நம் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இக்கட்டுரை அக்கோபத்தில் பங்குகொள்ள எழுதப்படுவதன்று. அதனை மறுக்க எழுதப்படுவது. பட்டி என்னும் சொல்லுக்கு ஆடுமாடுகளை அடைத்துக் காக்கும் இடம் என்னும் பொருளும் உண்டு. சாணார்பட்டி, கொசவபட்டி, புகையிலைப்பட்டி, பஞ்சம்பட்டி என்று நம் வட்டாரத்து ஊர்கள் பல அப்பெயரைச் சுமந்து நிற்கின்றன. இரவெல்லாம் காவலின்றிக் கிடந்த பட்டியிலிருந்து ஆடு வெளியேறினால், விடிந்தபின் அடுத்த ஊர்க்காரனைத் திருடன் என்று கூவுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

கேள்விப்பட்டதைக் கொண்டு எழுதவில்லை. என் மூத்த சகோதரி வாழ்க்கைப்பட்ட ஊர் சாணார்பட்டிக்குச் சில கல் தொலைவில் உள்ளது. அவர் கணவர் புளி உலுக்கும் தொழிலாளி. ஒரு மாசி மாதத்தில் மரத்திலிருந்து தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் பதினொரு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை. நம் அன்பியத்தார் ஒருமுறை வந்து செபமாலை சொல்லிச் சென்றனர். பங்குத்தந்தை ஒருமுறை நற்கருணை கொண்டுவந்தார். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. பதினான்கு கிளைக் கிராமங்களை ஒற்றை மோட்டார் சைக்கிளில் சுற்றிவரும் மனிதர் அவர்.

அந்தக் கூடத்துக் கணவனும் மனைவியும் மூன்றாம் நாளே வந்தனர். அதன்பின் வாரத்தில் நான்கு மாலையேனும் வந்தனர். அவர் நூற்பாலையில் வேலை பார்ப்பவர். ஷிப்டு முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு வருவார். மனைவி நேரே அடுப்படிக்குள் சென்று என் சகோதரியிடம், "அக்கா, இன்னிக்கு நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். அந்தப் பதினொரு மாதத்தில் அவ்வீட்டில் அக்கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவரே. நோயாளியைப் பற்றி எல்லாரும் விசாரித்தோம், நான் உள்பட. நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்த பெண்ணைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. பிறகு கணவர் கட்டிலருகே அமர்ந்து செபிப்பார். மனைவி அடுப்படியில், சில நாள்களில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, செபிப்பார். (நாம் செபம் என்கிறோம், அவர்கள் ஜெபம் என்கிறார்கள். ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகளாய் முகம் திருப்பி நடக்கிறோம்!)

அங்கேதான் ஒன்றைக் கண்டுகொண்டேன். ஆண் ஒருவர் தனியே வந்திருந்தால் திண்ணையோடு நின்றிருப்பார். பெண் ஒருவர் தனியே பொழுது சாய்ந்தபின் வந்து போயிருந்தால் ஊர் வாய் சும்மா இருந்திராது. இருவராய் வந்ததனால்தான் அவ்வீட்டின் முன்பாதியும் பின்பாதியும் அவர்களுக்குத் திறந்தன. நம் குருக்களுக்கும் அருட்சகோதரிகளுக்கும் எவ்வளவு நல்ல மனம் இருப்பினும், இவ்வூர்களின் வீட்டமைப்பும் வழக்கமும் அவர்களுக்கு ஒரு பாதியையே திறக்கும்.

ஆண்டு திரும்புமுன் அவர் இறந்தார். அதற்குள் என் சகோதரி குடும்பத்தார் ஞாயிறுதோறும் அக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தனர் என்பதும், இரண்டு ஆண்டுத் தலைக்கட்டு வரி பாக்கி என்பதும் கல்லறை வாசலில் நினைவுகூரப்பட்டன. பெரியவர்கள் மூன்று மணி நேரம் பேசினர். சவப்பெட்டி வேப்ப மரத்தடியில் காத்திருந்தது. பாக்கியை நான் கட்டினேன், இரசீது எழுதினார்கள், அதன்பின் குழி தோண்டப்பட்டது. அக்கணவனும் மனைவியும் கல்லறைச் சுவருக்கு வெளியே, சாலையின் மறுபுறத்தில் நின்றனர். உள்ளே வந்தால் எங்களுக்குச் சங்கடம் என்று எண்ணினர் போலும். அந்த இரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆடு திருடுவோர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன்.

கணவனும் மனைவியுமாய் ஒரு சபையைச் செபத்தால் நடத்துவது பெந்தெகொஸ்து சபையார் கண்டெடுத்த உத்தி என்று பேசுவோர், தம் விவிலியத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். பேரரசர் கிளவுதியு யூதரை உரோமையினின்று வெளியேற்றியபோது, கி.பி. 49-ஐ ஒட்டி, ஊர் விட்டு ஊர் வந்த இணையர் அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். கொரிந்தில் பவுல் தங்கியதும் உழைத்ததும் அவர்கள் வீட்டில். எபேசில் அவர்கள் வீட்டில் ஒரு திருச்சபை கூடிற்று. மீண்டும் உரோமைக்குத் திரும்பியபோது அங்கும் அவர்கள் வீட்டில் ஒரு திருச்சபை கூடிற்று. வாடகைக் கூடமும் பெயர்ப்பலகையும் இல்லாமல் மூன்று மாநகரங்களில் இவ்விருவர் செய்த பணியின் பயனை நாம் உண்டு வாழ்கிறோம்.

புதிய ஏற்பாட்டில் இவ்விணையர் ஆறு இடங்களில் பேசப்படுகின்றனர். அவற்றுள் நான்கில் மனைவியின் பெயரே முதலில் வருகிறது. அக்காலத்து எழுத்து வழக்கை நோக்க இது தற்செயலன்று. அப்பொல்லோ என்னும் கல்விமான் எபேசுக்கு வந்து ஆர்வத்தோடு போதித்தபோது, அவர் அறிவில் குறை கண்டவர்கள் இவ்விருவரும். அவர்கள் அவரைத் தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று கண்டிக்கவில்லை. தனியே அழைத்துச் சென்று விளக்கினர். பெண்ணுக்குப் போதகப் பணி ஏது என்று வினவுவோர் அந்த அறைக்குள் நடந்ததை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007 பெப்ருவரி 7 அன்று தம் பொது மறையுரையை இவ்விணையருக்கே ஒதுக்கி, நம்பிக்கை நம் தலைமுறை வரை வந்து சேர்ந்ததற்கு இத்தகைய இல்லறத்தார்க்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற கருத்தில் பேசினார். நம் பங்குகளில் அது எத்தனை பேர் காதில் விழுந்தது?

விவிலிய காலம் தொலைவானது என்பாரும் உண்டு. அவர்கள் நம் தாத்தா பாட்டியரை நினைத்துப் பார்க்கட்டும். 1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது முதல், மதுரை மறைப்பணி முழுவதும் உபதேசியார்களின் தோள்மீதே நடந்தது. குருவானவர் ஓரூருக்கு ஆண்டில் ஒருமுறை வந்தால் பெரிது. 1773-இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. அச்சபையார் மீண்டும் மதுரைப் பகுதிக்கு வந்தது 1830-களின் இறுதியில். இடைப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சில குருக்கள் அரும்பாடுபட்டனர். எனினும் ஊருக்கு ஊர் விளக்கு அணையாமல் காத்தவர் உபதேசியாரே. ஞாயிறு செபம், சாகும் குழந்தைக்கு ஞானத்தீர்வை, மந்திரம் கற்பித்தல், அடக்கம் ஆகிய யாவும் அவர் கையில். அவர் வீட்டம்மாவின் பணி ஏடுகளில் ஏறவில்லை. என் பாட்டிக்குக் கைபிடித்துச் சிலுவை வரையக் கற்றுக்கொடுத்தவர் ஓர் உபதேசியாரின் மனைவி. பேறுகால வீட்டிலும் சாவு வீட்டிலும் முதலில் நுழைந்தவர் அவரே என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தை 1658-இல் ஒல்லாந்தர் கைப்பற்றிக் குருக்களை விரட்டினர். புனித யோசேப் வாஸ் 1687-இல் மாறுவேடத்தில் அங்கு இறங்கியபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவற்றிருந்த மக்கள் வீடுகளுக்குள் செபம் காத்திருந்தனர். கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாய்ச் சுவருக்குள் முணுமுணுத்த செபத்தின்மேல்தான் அவர் தம் பணியைக் கட்டினார்.

இவ்வகையில் என் நெஞ்சை விட்டு அகலாத இணையர் கொரியா நாட்டினர். அந்நாட்டில் திருச்சபை 1784-இல் பொதுநிலையினராலேயே தொடங்கிற்று. முதல் குரு எல்லை கடந்து வந்து சேரப் பத்து ஆண்டுகள் ஆயின. அடுத்த நூற்றாண்டில் பிரான்சிஸ் சோய் கியோங்-ஹ்வான் என்பவரும் அவர் மனைவி மரியா யி சொங்-ரேயும் துன்புறுத்தலுக்கு அஞ்சி இடம் மாறி மாறிச் சென்று, சூரி என்னும் மலையடிவாரத்தில் காடு திருத்திக் குடியேறினர். அவர்களைத் தேடி மற்றக் கிறித்தவரும் வந்து சேர, அங்கே ஓர் ஊரே எழுந்தது. அவ்வூரார் புகையிலை பயிரிட்டுப் பிழைத்தனர். சாணார்பட்டிப் பக்கத்துப் புகையிலைப்பட்டியை அறிந்தவர்களுக்கு இதைப் படிக்கையில் மனம் இளகாதிருக்குமா? கணவர் உபதேசியார், மாலையில் ஊராரைக் கூட்டிச் செபிப்பார். 1839-இல் ஊராரோடு இருவரும் சிறைப்பட்டனர். செப்டெம்பரில் கணவர் அடிபட்ட புண்களோடு சிறையிலேயே இறந்தார். மனைவியின் கைக்குழந்தை பாலின்றிச் சிறையில் மாண்டது. வெளியே மற்றப் பிள்ளைகள் அனாதையாய் அலைந்தனர். தாயின் மனம் தளர்ந்தது. வாய்ச்சொல்லால் மறுதலித்து வெளியேறினார். மூத்த மகன் குருத்துவக் கல்விக்காக மக்காவு சென்றது அறியப்பட்டு மீண்டும் பிடிபட்டபோது, இம்முறை அவர் அசையவில்லை. 1840 சனவரி 31 அன்று அவர் தலை வெட்டுண்டது. அம்மகன் பின்னாளில் கொரியரின் இரண்டாம் குருவானார்.

கணவரை 1984-இல் புனிதராக உயர்த்தினோம். மனைவியை 2014-இல் அருளாளராக அறிவித்தோம். ஒரே அடுப்பைச் சுற்றி ஒரே சபையை வளர்த்த இருவருக்கிடையே முப்பது ஆண்டு இடைவெளி! பசித்த குழந்தையின் முன் ஒருமுறை தளர்ந்த தாயின் கணக்கு அத்தனை கடுமையாகப் பார்க்கப்பட்டது. நம் மண்ணின் புனிதர் தேவசகாயமும் இல்லறத்தாரே. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுடப்பட்டு, 2022 மே 15 அன்று பீடமேறினார். சங்கிலியோடு முழந்தாளிட்ட அவர் உருவத்தை ஊர்தோறும் நிறுவுகிறோம். அவரோடு திருமறை தழுவி, கணவர் சிறைப்பட்ட நாள்களைத் தாங்கி நின்ற ஞானப்பூ அம்மாளின் பெயரையேனும் அப்பீடத்தின் அடியில் பொறித்த ஊர் எது?

அப்படியிருந்த உபதேசியார் பணி எவ்வாறு தேய்ந்தது? குருக்கள் பெருகினர், சாலைகள் வந்தன, மோட்டார் சைக்கிள் வந்தது. உபதேசியார் மெல்ல மெல்ல மணி அடிப்பவரானார், கோயில் பெருக்குபவரானார், இறுதியில் வரி தண்டுபவரானார். சம்பளமோ சொல்லக் கூசும் தொகை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட மறைப்பணி ஏடு, ஆண்களும் பெண்களுமாகிய உபதேசியார்களின் உழைப்பைப் போற்றி, அவர்களுக்குத் தக்க பயிற்சியும் மதிப்போடு வாழத்தக்க ஊதியமும் வேண்டுமென்று கேட்டது. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவ்வேட்டைப் பற்றிய கருத்தரங்குகளுக்கு நாம் செலவிட்ட பணத்தில் பல உபதேசியார்களின் வீட்டுக் கூரையை மாற்றியிருக்கலாம்.

"அப்படியானால் துறவறக் குருவின் இடத்தில் இல்லறத்தாரை அமர்த்தச் சொல்கிறீரோ?" என்று நண்பர் ஒருவர் சினந்தார். இல்லை. திருப்பலியும் ஒப்புரவும் குருவுக்குரியன. அதில் எனக்கு ஐயமில்லை. குடும்பப் பாரமற்ற ஒருவர் தம்மை முழுதும் கையளிப்பதன் அருமையையும் நான் மறுக்கவில்லை. பெந்தெகொஸ்து சபையாருள்ளும் அதனை உணர்ந்தோர் உண்டு. 1920-களில் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்து மிஷன் தன் ஊழியர்க்கு மணமாகா வாழ்வையே விதித்தது. நான் கேட்பது வேறு. பீடத்துக்கும் அடுப்படிக்கும் இடையே நீண்டு கிடக்கும் வெளியில் நிற்க ஆள் வேண்டும். அங்கு நிற்கத் திருச்சட்டமும் இடம் தருகிறது: குருக்கள் குறைந்த இடத்தில், ஒரு குருவின் பொறுப்பின்கீழ், பங்கின் மேய்ப்புப் பணியில் பொதுநிலையினருக்கும் பங்களிக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 517-ஆம் பிரிவு கூறுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10 அன்று உபதேசியார் பணியை, ஆயரின் சடங்குமுறை நியமனத்தோடு கூடிய நிலையான பணியாக, ஆண் பெண் இருபாலார்க்கும் உரியதாக நிறுவினார். தடை உரோமையில் இல்லை. நம் ஊர்ப் பெரியவர்களின் துண்டிலும் நம் தயக்கத்திலும் இருக்கிறது.

இனி மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அத்தகைய கூடங்களில் நடப்பவை யாவும் நன்று என்று நான் கருதவில்லை. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டு, சர்க்கரை நோயாளி ஒருவரின் காலை இழக்கச் செய்த ஊழியர் ஒருவரையும் அறிவேன். பூப்பறித்துப் பெற்ற கூலியில் பத்தில் ஒன்றை எடுத்துவைக்காதவள் வீட்டுக்கு ஆசீர் வராது என்று மிரட்டுவதை எந்த வசனத்தாலும் நியாயப்படுத்த முடியாது. கூடம் தழைத்ததும் அது குடும்பச் சொத்தாகி, தந்தைக்குப்பின் மகன் என்று பட்டம் மாறுவதும் பல இடங்களில் கண்கூடு. இவற்றுக்கெல்லாம் காரணம் ஒன்றே: கேட்பார் இல்லை. அப்பொல்லோவுக்கு ஒரு பிரிஸ்கில்லா இருந்தார். பிரிஸ்கில்லாவுக்கு ஒரு பவுல் இருந்தார். இங்கே தவறினால் தனியே அழைத்துச் சொல்ல யாரும் இல்லை. தளர்ந்தால் தாங்கவும் யாரும் இல்லை. என் சகோதரியைச் சாப்பிட்டீர்களா என்று கேட்ட அந்த அம்மாவுக்குச் சம்பளம் இல்லை, ஓய்வு இல்லை. மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முழு இரவுச் செபத்துக்கும் கண் விழித்து, மறுநாள் மற்றவர் வீட்டு நோயையும் சுமக்கிறார். அவரது களைப்பு அவர் முகத்தில் தெரிகிறது. மேற்பார்வையும் கூட்டுப் பொறுப்பும் நம்மிடம் தாராளமாய் உள்ளன. ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் இருவர் நம்மிடம் இல்லை. அவர்களிடம் இருவர் உள்ளனர், மற்றது இல்லை. யார் யாரை ஏளனம் செய்வது?

ஆகவே என் வேண்டுகோளை வெளிப்படையாகவே வைக்கிறேன். ஒவ்வொரு கிளைக் கிராமத்துக்கும் ஓர் இணையரைத் தேர்ந்தெடுங்கள். கணவரை நியமித்து மனைவியை "உதவிக்கு" என்று எழுதாதீர்கள். இருவர் பெயரும் ஒரே ஆணையில் வரட்டும். இருவரையும் ஒன்றாகப் பயிற்றுங்கள். திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் பாதியை அவர்கள் வாழ்வூதியத்துக்கு ஒதுக்குங்கள். மாலை வேளைகளில் வீடு வீடாகச் சென்று செபிப்பதே அவர்கள் முதற்பணியாகட்டும். வரி தண்டும் நோட்டை மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். கல்லறைக் கதவுக்கும் தலைக்கட்டு வரிக்கும் உள்ள தொடர்பை இன்றே அறுத்தெறியுங்கள். திண்டுக்கல் மறைமாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்து உருவானது 2003-இல். இளம் மறைமாவட்டம் இதனைத் துணிந்து செய்யலாம். பழம் மறைமாவட்டங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

சென்ற மாதம் என் சகோதரி ஊர்ச் சிற்றாலயத்துக்குச் சென்றிருந்தேன். ஆலயத்தின் தென்புறத்தில் பழைய உபதேசியார் வீடு இருக்கிறது: இரண்டு அறை, ஓட்டுக் கூரை, அகலமான திண்ணை. கடைசியாக அங்கே குடியிருந்த உபதேசியாரும் அவர் மனைவியும் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சீரியல் விளக்குச் சரங்கள், சமையல் அண்டாக்கள், சப்பரத்தின் பழைய சக்கரங்கள். சாவி திருவிழாக் குழுத் தலைவரிடம் உள்ளது என்றனர். அவரைத் தேடிச் சென்று, வாரம் ஒருநாள் மாலை அத்திண்ணையைப் பெருக்கி விளக்கேற்றி நானும் என் மனைவியும் அமர்ந்து செபிக்க அனுமதி கேட்டேன். திருவிழா முடியட்டும், பேசுவோம் என்றார்.